இரண்டு நிமிட ஜாமீன் வாதம்

வியாசர்பாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பார்சல் வினியோக வேலை பார்க்கும் அவருடைய 22 வயதுத் தம்பியைச் செல்போன் பறிப்பு வழக்கில் கைது செய்து ஒன்பது நாட்களாகப் புழல் சிறையில் வைத்திருக்கிறார்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் போட்ட ஜாமீன் மனு தள்ளுபடியாகிவிட்டது. “எங்கள் வக்கீல் இரண்டு நிமிடம்தான் பேசினார். தம்பி இதைச் செய்யவே இல்லை என்று ஒரு வார்த்தைகூட அழுத்திச் சொல்லவில்லை. இப்போது செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். இவரை நம்பலாமா, வேறு வக்கீலைப் பார்க்க வேண்டுமா?” என்பது அவருடைய கேள்வி.

சென்னையின் குற்றவியல் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறேன். இந்தக் கேள்வியை எழும்பூர் நீதிமன்ற வாசலில் எத்தனையோ அக்காக்களும் அம்மாக்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவசரமாக ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடியிருக்கிறேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டு நிமிடம் பேசினார் என்பதை வைத்து அவரை எடை போடாதீர்கள். காலைப் பட்டியலில் ஜாமீன் மனுக்கள் வரிசையாக நிற்கும். நீதிபதி மனுவைப் படித்திருப்பார், காவல் துறையின் ஆட்சேபனையும் அவர் முன் இருக்கும். அந்த நேரத்தில் நீளமாகப் பேசுகிறவரைவிட, சரியான ஒரு காகிதத்தைச் சரியான நொடியில் எடுத்து நீட்டுகிறவருக்குத்தான் ஜாமீன் கிடைக்கிறது. ஆகவே அந்த இரண்டு நிமிடத்துக்கு முந்தைய நாள் உங்கள் வக்கீல் என்ன செய்தார் என்று பாருங்கள். உங்களை உட்கார வைத்து, தம்பியைப் பற்றி அரை மணி நேரமாவது கேட்டாரா? அதை வைத்து அவரை மதிப்பிடுங்கள்.

“செய்யவே இல்லை” என்று அவர் அழுத்தாததற்கும் காரணம் உண்டு. குற்றம் செய்தாரா இல்லையா என்பதைச் சாட்சிகளை விசாரித்து வழக்கின் முடிவில்தான் தீர்மானிப்பார்கள். ஜாமீன் மனுவில் நீதிபதி பார்ப்பது வேறு. வெளியே விட்டால் இவர் விசாரணைக்குத் திரும்பி வருவாரா? சாட்சிகளை மிரட்டுவாரா, தடயத்தை அழிப்பாரா? மறுபடியும் இதே செயலில் இறங்குவாரா? இவற்றோடு குற்றச்சாட்டின் கடுமையையும், மேலோட்டமாகப் பார்த்தால் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார். ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்ற பொருளில் நீதிபதி கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் எழுதியது 1977-இல். ஆனாலும் இன்றைக்கு நாட்டின் சிறைகளில் இருப்போரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். விதியைப் புத்தகத்திலிருந்து எடுத்து உங்கள் தம்பியின் வழக்கில் உட்கார வைப்பது வக்கீலின் வேலை. தானாக அது நடப்பதில்லை.

உண்மையில் முதல் ஜாமீன் விசாரணை, கைதுக்கு மறுநாள் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு நடுவரிடம், கொண்டுபோகும்போதே நடந்துவிடுகிறது. குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. கைதான 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விடுமுறை நாளென்றால் அவருடைய வீட்டில்கூட நிறுத்துவார்கள். அங்கே ஒரு வக்கீல் நின்றிருந்தால் கேட்கக்கூடிய கேள்விகள் பல. எதற்காகக் கைது என்பதை எழுத்தில் கொடுத்தீர்களா? எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் ஏன் கைது செய்தீர்கள்? 2014-இல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு நடுவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே தீர வேண்டும் என்கிறது. பிறகு உடம்பில் காயம் இருக்கிறதா என்பது. கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாகச் சொல்லப்படும் இளைஞர்களை இந்த ஊரில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காயத்தை அன்றைக்கே நடுவரின் பதிவில் ஏற்றாவிட்டால், பிறகு அதற்குச் சாட்சி கிடைப்பது மிகக் கடினம்.

உங்கள் தம்பியின் ரிமாண்டில் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். போகட்டும். இப்போது கையில் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார் என்றால் அது பறிப்பு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை. “கத்தியைக் காட்டி மிரட்டி” என்று ஒரு சொற்றொடர் சேர்ந்துவிட்டால் அது 309-ஆம் பிரிவின் வழிப்பறியாகிவிடும், பத்தாண்டு வரை போகும். ஏழாண்டு என்ற எல்லையைத் தாண்டியதும் அர்னேஷ் குமார் தீர்ப்பு தரும் பாதுகாப்பும் நழுவிப்போகிறது. அந்த ஒரு சொற்றொடரின் பலத்தில்தான் பல இளைஞர்கள் புழலில் இருக்கிறார்கள். புகார்தாரரின் முதல் வாக்குமூலத்தில் கத்தி இருக்கிறதா, காயம் ஏதும் உண்டா, கத்தியைக் கைப்பற்றியதாக மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) இருக்கிறதா என்று வரிவரியாகப் படிக்கும் வக்கீல், இரண்டு நிமிடத்தில் அந்த முரணைச் சொல்லிவிடுவார். படிக்காதவர் இருபது நிமிடம் பேசினாலும் பயனில்லை.

அடுத்து, இத்தகைய வழக்குகளில் வழக்கமாக வரும் ஆட்சேபனை: “அடையாள அணிவகுப்பு இன்னும் நடக்கவில்லை.” இதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவு, சாட்சிகள் அடையாளம் காட்டுவதற்குத் தேவைப்படுகிறார் என்பது மட்டுமே ஜாமீனை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது என்கிறது. தேவைப்படும்போது வருவேன் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். இந்த வரியை மனுவிலேயே எழுதியிருக்கிறாரா என்று உங்கள் வக்கீலிடம் பணிவாகக் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை.

இனி, நீதிபதியின் பேனாவை நிறுத்துகிற ஆட்சேபனைக்கு வருகிறேன். “முந்தைய வழக்குகள் உள்ளன.” அரசு வழக்கறிஞர் எழுந்து இந்த மூன்று சொற்களைச் சொன்னதும் அறையின் காற்றே மாறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞருக்காக நான் ஆஜரானபோது, மூன்று முந்தைய வழக்குகள் இருப்பதாகச் சொன்னார்கள். குடும்பத்தார் “ஒன்றுமே இல்லை சார்” என்று சொல்லியிருந்ததை நம்பி, நான் சரிபார்க்காமல் போயிருந்தேன். என்னிடம் பதில் இல்லை, மனு தள்ளுபடியாயிற்று. பிறகு எண்களை வாங்கிப் பார்த்தால், ஒரு வழக்கில் அவர் விடுதலையாகியிருந்தார். இன்னொன்று பொது இடத்தில் சீட்டாடியதற்கு அபராதம் கட்டிய வழக்கு. மூன்றாவது அதே பெயருடைய வேறொருவர் மீதானது, தகப்பனார் பெயரே வேறு. அடுத்த மனுவில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் இடையில் போன மூன்று வாரங்களை நான் அந்தப் பையனுக்குத் திருப்பித் தர முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடாமல் மனுத் தாக்கல் செய்வதில்லை. உங்கள் தம்பி மீது சின்னதாக ஏதாவது இருந்தாலும் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அவர் முதலில் தெரிந்துகொண்டால் விளக்குவார். எதிர்த்தரப்பு முதலில் சொன்னால் விளக்கத்துக்கு மதிப்பே இல்லை.

திரும்பி வருவாரா என்ற கேள்விக்கும் பேச்சைவிடக் காகிதம்தான் பதில். நீதிபதிக்கு முன்னால் இருக்கும் ஆவணத்தில் உங்கள் தம்பி ஒரு குற்ற எண்ணாக மட்டும் இருக்கிறார். எத்தனை ஆண்டாக அதே தெருவில் குடியிருக்கிறீர்கள், குடும்ப அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா, எங்கே வேலை, சம்பளம் எந்த வங்கிக் கணக்கில் விழுகிறது, அம்மாவுக்குச் சிகிச்சை ஏதும் நடக்கிறதா, அவரை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் அந்தக் காகிதத்துக்குள் கொண்டுவருகிறவரே நல்ல வக்கீல். வேலை கொடுத்தவரிடமிருந்து “வந்தால் மீண்டும் வேலை தருகிறோம்” என்று ஒரு கடிதம் கிடைத்தால், ஒரு பக்க வாதத்துக்குச் சமம். சம்பவ நேரத்தில் அவர் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றால் அந்தச் செயலியின் பதிவைத் திரையில் படம் பிடித்து வையுங்கள், நாளாக ஆக அது கிடைக்காமல் போகலாம்.

செஷன்ஸ் கோர்ட் போகலாம் என்று அவர் சொன்னது சரியான வழிதான். நடுவர் மறுத்தால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் முதன்மை அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். அரசு வழக்கறிஞருக்கு நோட்டீஸ் போய், அவர் காவல் நிலையத்திலிருந்து விவரம் வாங்கிப் பதில் சொல்லச் சில நாட்கள் ஆகும். நாட்கள் நகர்வது ஒருவகையில் உங்களுக்குச் சாதகமும்கூட. பறிபோன பொருள் மீட்கப்பட்டுவிட்டது, உடன் கைதானவர் வெளியே வந்துவிட்டார், விசாரணையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பவையெல்லாம் புதிய மனுவில் எடுத்துச் சொல்லக்கூடிய மாறிய சூழ்நிலைகள். வக்கீலை மாற்றினால் ஒன்றை மறக்காதீர்கள்: முன்பு தாக்கல் செய்த மனுக்களையும் அவற்றின் முடிவையும் புதிய மனுவில் சொல்லியாக வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. மறைத்து வாங்கிய ஜாமீன் ரத்தாகும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மாற்றுவதற்கு முன் இவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள் என்பதே என் கருத்து. “நீதிபதியிடம் சொல்லி முடித்துத் தருகிறேன்” என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் மட்டும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது சென்னையில் வாதாடுகிறவர்கள் மனத்தை எப்போதும் அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்: குண்டர் சட்டம். 1982-ஆம் ஆண்டின் இந்தத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாநகரக் காவல் ஆணையர் உத்தரவிட்டால் ஒருவரை 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம். அது தண்டனை அல்ல, தடுப்புக் காவல். அதில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. இந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் ஆஜராகும் உரிமையும் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழி. “ஜாமீன் மனுத் தாக்கல் செய்திருக்கிறார், வெளியே வந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது” என்பதையே காரணமாகக் காட்டித் தடுப்புக் காவல் உத்தரவுகள் எழுதப்படுகின்றன. முந்தைய வழக்குகள் உள்ளவருக்கு ஜாமீன் மனுவை எப்போது போடுவது, எப்போது சற்றுப் பொறுப்பது என்று வக்கீல் கணக்குப் போடுவது இதனால்தான். குடும்பத்துக்கு அது அலட்சியமாகத் தெரியும். காலாவதியான மருந்துகளை விற்றதாகச் சென்னையில் தொடரப்பட்ட வழக்கிலிருந்து எழுந்த ரேகா வழக்கில், 2011-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது, இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கொடுக்கிறார்கள் என்று எந்த விவரமும் இல்லாமல் பொத்தாம்பொதுவாக எழுதித் தடுத்து வைக்க முடியாது என்றது. சாதாரணச் சட்டமே ஒரு குற்றத்தைக் கையாளப் போதுமென்றால் தடுப்புக் காவலுக்குப் போகக் கூடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் தம்பிக்கு இது முதல் வழக்கு என்றால் பெரிதாக அச்சப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வழக்குகள் உண்டென்றால் வக்கீலிடம் இதைத் தனியாகப் பேசுங்கள்.

இவையெல்லாம் தவறினாலும் ஒரு கதவு இருக்கிறது. காவல் துறை குறிப்பிட்ட நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், நீதிபதியின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. பெரிய குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள், வணிக அளவிலான போதைப்பொருள் வழக்குகளுக்கு 180 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இந்த ஜாமீன் உரிமை பற்றிய மிக முக்கியமான இரண்டு தீர்ப்புகள் தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்து பிறந்தவை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கொரோனா ஊரடங்கைக் காட்டிக் குற்றப்பத்திரிகைக்கான கெடுவை நீட்டிக்க முடியாது என்று சொன்ன எஸ். காசி வழக்கும், சென்னையில் வருவாய்ப் புலனாய்வுத் துறை தொடர்ந்த போதைப்பொருள் வழக்கில் வந்த எம். ரவீந்திரன் வழக்கும் 2020-இல் தீர்ப்பானவை. ரவீந்திரனின் வக்கீல் 181-ஆம் நாள் காலையிலேயே மனுவைப் போட்டார். வாதம் முடிகிற நேரத்தில் எதிர்த்தரப்பு, அந்தத் துறையின் வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்கு இணையான புகார் மனுவைக் கூடுதலாகத் தாக்கல் செய்தது. முதலில் கேட்டவரின் உரிமை அதனால் போய்விடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விட்டது. அதனால்தான் எங்கள் நாட்குறிப்புகளில் இந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறோம். நீங்களும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். பத்திரத்தில் அவர்களுடைய புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புத்தக நகல் எல்லாம் கேட்பார்கள். சில நேரம் இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கும். இதையெல்லாம் நீதிமன்றம் சரிபார்த்து, உத்தரவு மாலைக்குள் புழலுக்குப் போய்ச் சேராவிட்டால் இன்னோர் இரவு உள்ளே. வெள்ளிக்கிழமையானால் திங்கள்வரைகூட இழுக்கும். ஆகவே ஜாமீன்தாரர்களை இப்போதே முடிவு செய்து, காகிதங்களோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்க வருகிறவர்களை நாடாதீர்கள். போலி அட்டை பிடிபட்டால் ஜாமீனும் போகும், புதிய வழக்கும் வரும்.

நிபந்தனைகளையும் கவனியுங்கள். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் ஊரில் சர்வசாதாரணமாக விதிக்கப்படும் நிபந்தனை. பார்சல் வேலைக்குப் போகிறவருக்கு அது பாதி நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். ஒரு நாள் தவறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். வாதத்தின்போதே வேலை நேரத்தைச் சொல்லி, வாரத்துக்கு ஒருமுறை என்றோ மாலை நேரம் என்றோ கேட்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால், சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்திட்ட பிறகு நிபந்தனைத் தளர்வு மனு போடலாம்.

ஜாமீன்தாரர் என்றதும் நான் நினைத்துக்கொள்வது மோதிராம் என்ற கொத்தனாரை. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் நடுவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் சொத்து வைத்திருக்கிறார் என்று அவர் கொடுக்க வந்த பிணையையும் ஏற்க மறுத்தார். 1978-இல் அந்த வழக்கில் கிருஷ்ணய்யர் ஒரு கேள்வி கேட்டார்: தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அந்தத் தொலைதூர ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? இன்றைக்குச் சென்னையில் அந்தக் கேள்வி திரும்பி நிற்கிறது. மெட்ரோ ரயில் பணியிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா இளைஞர்களுக்கு ஜாமீன் உத்தரவு கிடைத்தும், உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல் புழலிலேயே இருப்பதைப் பார்க்கிறேன். உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்தாதீர்கள், ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாதவர்களின் நிபந்தனையை நீதிமன்றமே முன்வந்து மறுபரிசீலனை செய்யலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தப் பையன்களுக்காகப் பேச வரும் வக்கீல்கள் மிகக் குறைவு.

உங்களுக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லாத நிலை வந்தால், காவலில் உள்ள எவரும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீலைப் பெறலாம் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் உள்ள உரிமை. 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம், சிறைக்குள்ளிருந்தே உங்கள் தம்பியும் மனு எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்த முறை புழலுக்கு அவரைப் பார்க்கப் போகும்போது இதைச் சொல்லுங்கள்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரிமாண்டை நீட்டிக்க அவரை நடுவர் முன்போ காணொளித் திரை முன்போ நிறுத்துவார்கள். பெயரைக் கூப்பிட்டுச் சில நொடியில் முடித்துவிடுவார்கள். அந்த நொடியில் தலையாட்டிவிட்டு வந்துவிட வேண்டாம். அடித்திருந்தால் அடித்தார்கள் என்றும், உடம்பு சரியில்லை என்றால் மருந்து வேண்டும் என்றும், குற்றப்பத்திரிகை நகல் வரவில்லை என்றால் வரவில்லை என்றும் அவரே வாய் திறந்து சொல்லலாம். அதைப் பதிவு செய்யும்படியும் கேட்கலாம். நீங்கள் அதே நாளில் வக்கீலையும் நீதிமன்றத்தில் இருக்கச் சொல்லுங்கள்.